வெளியே வராத குறுந்தட்டு

உன் காரிலிருந்து கழற்றி எடுத்த ரேடியோ என் சாப்பாட்டு மேசையின் மேல் கிடக்கிறது. பின்பக்கம் வயர்கள் தொங்குகின்றன. பொத்தான்களின் இடுக்கில் இன்னும் கொய்யாப்பழ வாசனை இருக்கிறது, அதோடு கொஞ்சம் எண்ணெய் வாடையும். பழைய நாளிதழை விரித்து அதன்மேல் வைத்திருக்கிறேன். இதை எப்போது எடுக்கப் போகிறீர்கள் என்று என் மகள் கேட்டுவிட்டாள். நான் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறேன்.

இது எப்படி என் வீட்டுக்கு வந்தது என்பது உனக்குத் தெரியாது. நீ போன பிறகு நடந்தது. உன்னிடம் சொல்லாமல் நான் எதையும் வைத்துக்கொண்டதில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஈப்போவில் நாம் வேலை பார்த்த பல் கிளினிக்கில் நீ சேர்ந்த முதல் வாரம் உன்னை எனக்குப் பிடிக்கவேயில்லை. நான் முன்னால் பெயர் பதியும் இடத்தில் இருப்பேன். நீ உள்ளே டாக்டருக்குப் பக்கத்தில் நின்று கருவிகளை எடுத்துக் கொடுப்பாய். முகமூடிக்குள் எதையோ முனகிக்கொண்டே இருப்பாய். தலையும் இல்லாத வாலும் இல்லாத ஒரு ராகம், ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும் நோயாளிகள் அதைக் கேட்டு அமைதியாக இருந்தார்கள் என்று டாக்டரே சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அது என்ன பாட்டு என்று கேட்டேன்.

"பாட்டு இல்லடி. பாட்டோட நடுப்பகுதி" என்றாய். "மேல பாடுறவங்களும் கீழ பாடுறவங்களும் சேந்தாதான் பாட்டு. நான் நடுவுல இருக்கேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னை இழுத்துக்கொண்டு போனாய். பழைய பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் நாற்பது பேர் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் சீனர்கள். பியானோ சொல்லித்தரும் மிசஸ் லோ முன்னால் நின்று கையசைத்துக் குழுவை நடத்தினார். தமிழர்கள் என்று பார்த்தால் நீயும் நானும்தான். பெண்களில் கனத்த குரல் உள்ளவர்கள் பாடும் ஆல்டோ வரிசையில் என்னை நிறுத்தினாய். எனக்கு இசைக்குறி படிக்கத் தெரியாது என்றேன். "எனக்கும் பாதிதான் தெரியும் லா. நான் போற எடத்துக்குப் பின்னாலேயே வா" என்றாய்.

நான் வந்தேன். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கோயில் திருவிழா ஒலிபெருக்கியைத் தவிர வேறு சங்கீதம் அறியாத நான், முந்நூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பியத் தேவாலயப் பாட்டை லத்தீன் மொழியில் பாடக் கற்றுக்கொண்டேன். நெற்றியில் திருநீற்றோடு நின்று இறைவனிடம் இரக்கம் கேட்கும் பாட்டு. என் அம்மாவுக்கு அது உறுத்தியது. உன்னிடமே கேட்டார். "யார்கிட்ட கேட்டா என்னாம்மா, இரக்கம் இரக்கம்தானே" என்றாய்.

என் உண்மையான பயிற்சி மண்டபத்தில் நடக்கவில்லை, உன் காரில் நடந்தது. நம் இருவருக்கும் கோப்பெங்கில்தான் வீடு. தினமும் காலையில் என்னை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்கு ஓட்டுவாய். ஈப்போவில் ஒரு இசைக் கடையை மூடியபோது நீ பெட்டியோடு அள்ளி வந்த குறுந்தட்டுகள் பின்சீட்டில் கிடக்கும். எல்லாம் முந்நூறு வருடத்துக்கு முந்திய அந்தப் பரோக் காலத்து இசை. வயலின்களும் ஓபோ குழல்களும் துரத்திப் பிடித்து விளையாடும் கச்சேரிகள், எக்காளமும் பெருமுரசும் முழங்கும் அரண்மனை இசை, பெரிய பெரிய கூட்டுப் பாடல்கள். நாம் அந்த வருடம் பாடவிருந்த பாட்டுக்கே உன்னிடம் நான்கு ஒலிப்பதிவுகள் இருந்தன. ஒன்றில் நூறு பேருக்கு மேல் பாடுவார்கள், பாரம் ஏற்றிய லோரி மேட்டில் ஏறுவதுபோல மெதுவாக நகரும். இன்னொன்றில் கொஞ்சம் பேர்தான், பழைய காலத்துக் கருவிகளை வைத்துக்கொண்டு, பந்தயம்போல ஓடுவார்கள். இரண்டும் ஒரே பாட்டு என்று நீ சொல்லியிராவிட்டால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

"மேல போற ராகத்தக் கேக்காத. அது தானா காதுல விழும். நடுவுல என்னா நடக்குதுன்னு கேளு" என்று ஸ்டியரிங்கில் தட்டிக்கொண்டே சொல்வாய். இடப்பக்கமும் வலப்பக்கமும் சுண்ணாம்பு மலைகள், கல்லுடைக்கும் இடத்திலிருந்து வரும் லோரிகளின் வெள்ளைத் தூசி. சிம்பாங் பூலாய் சந்திப்பின் சிவப்பு விளக்கில் நிற்கும்போது எக்காளம் தொடங்கும். நீ கண்ணாடியை இறக்கிவிட்டு ஒலியைக் கூட்டுவாய். பக்கத்தில் மோட்டாரில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார். நீ அவருக்குத் தலையசைத்து வணக்கம் சொல்வாய். எனக்கு வெட்கமாக இருக்கும். இப்போது பஸ்ஸில் அதே விளக்கில் நிற்கிறேன். அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

நம் குழு பாடியதை ஒரே ஒரு தடவைதான் ஒலிப்பதிவு செய்தார்கள். கோலாலம்பூரிலிருந்து தந்திக் கருவி வாசிப்பவர்களை வரவழைத்துப் பாடிய வருடம். ஆண்கள் வரிசையில் இருந்த ஒருவர் தன் கருவிகளைக் கொண்டுவந்து வைத்தார். மைக் நிறுத்த இடம் இல்லாமல் ஆல்டோக்காரர்கள் எழுவருக்கும் முன்னாலேயே நிறுத்திவிட்டார். கேட்டுப் பார்த்த மிசஸ் லோவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆல்டோ மட்டும் தூக்கலாகக் கேட்கிறது, வெளியே கொடுக்க வேண்டாம் என்றார். வேண்டும் என்று கேட்டவர்களுக்கு மட்டும் ஆளுக்கொரு தட்டு கிடைத்தது. நீ ஒன்று வாங்கினாய், நான் ஒன்று வாங்கினேன். பதிவு செய்தவர் பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். என்னுடைய தட்டைப் பூஞ்சை தின்றது. ஒருநாள் எடுத்துப் பார்த்தபோது வெள்ளி நிறத்தில் சிலந்தி வலைபோல ஓட்டை ஓட்டையாக இருந்தது. உன்னுடையது இருக்கிறதே என்று தூக்கிப் போட்டேன்.

உன்னுடையது காரில் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அது ரேடியோவுக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுத்தது. பட்டறையில் ரேடியோவையே மாற்றச் சொன்னார்கள். நீ கேட்கவில்லை. "நம்ம பாட்டுத்தானே உள்ள மாட்டியிருக்கு. கெடக்கட்டும் லா" என்றாய். அதற்குப் பிறகு அந்தக் காரில் வேறு எதுவும் பாடவில்லை. நாம் நம்மையே கேட்டுக்கொண்டு வேலைக்குப் போனோம், நம்மையே கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். சலிக்கவில்லையா என்று யாராவது கேட்டால் நீ சிரிப்பாய்.

பிறகு அந்தக் காய்ச்சல். ஒரு திங்கட்கிழமை காலை, இந்த வாரம் பஸ்ஸில் போ, எனக்கு உடம்பு சரியில்லை என்று கைப்பேசியில் தட்டி அனுப்பினாய். டெங்கி என்று தெரிவதற்குள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் வந்தபோது உன்னால் பேச முடியவில்லை. என் கையைப் பிடித்திருந்தாய், அவ்வளவுதான். அந்த வாரம் முடியவில்லை, நீ முடிந்துபோனாய்.

அழுதேன். எல்லோரும் அழுதோம். அதைச் சொல்ல வரவில்லை. சில மாதம் கழித்து நடந்ததைச் சொல்ல வேண்டும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். நம் ஆல்டோ வரியை முனகினேன். எப்போதும் என் மனசுக்குள் பக்கத்தில் நீயும் பாடுவாய். அன்று பாடவில்லை. குழாயை மூடிவிட்டு நின்றேன். உன் பாட்டுக் குரல் எப்படி இருக்கும் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. கனமான குரல், கொஞ்சம் கரகரப்பு என்று வார்த்தைகளில் சொல்ல முடிந்தது. ஒலி வரவில்லை. உன் பேச்சுக் குரல் என் கைப்பேசியில் ஒன்றிரண்டு இருக்கிறது, "வாசல்ல இருக்கேன், எறங்கி வா" என்று. பாட்டு ஒன்றும் இல்லை. தனியாகப் பாடச் சொன்னால் நீ எப்போதுமே மாட்டேன் என்றாய்.

ஈரக் கையோடு உன் வீட்டுக்கு ஓடினேன். இரண்டு தெருதான், ஆனாலும் மூச்சு முட்டியது. உன் கணவர் செல்வம் அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். கார் நிற்கும் இடம் கழுவிவிட்டதுபோல வெறுமையாக இருந்தது.

"டெய்லி அதப் பாக்க முடியலம்மா. வித்துட்டேன்" என்றார்.

சிடி அண்ணே, உள்ளே சிக்கியிருந்த சிடி என்றேன். அவர் அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. அவரிடமும் உன் பாட்டுக் குரல் வேறு எதிலும் இல்லை.

மறுநாளே ஒரு வாடகைக் காரில் கிளம்பினோம். காம்பாரில் பழைய கார் வாங்கி விற்கும் கடையில்தான் அவர் விற்றிருந்தார். அங்கே கார் இல்லை. ஓட்டத்துக்கு லாயக்கில்லை என்று பீடோரில் கார்களை உடைத்து உதிரி விற்கிற ஒருவனுக்குத் தள்ளிவிட்டார்களாம். பீடோருக்குப் போனோம். நான் பிறந்த தோட்டத்தைத் தாண்டித்தான் பாதை போகிறது, இப்போது எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. நான் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. என் மனமெல்லாம் கார் என்ன நிலையில் இருக்குமோ என்பதில் இருந்தது.

கதவுகள் இல்லை. செங்கல் அடுக்கின்மேல் நின்றது. உன் சீட்டைக் கழற்றி விற்றுவிட்டார்கள், நான் உட்காரும் சீட்டு அப்படியே இருந்தது. ரேடியோ இருந்த இடத்தில் ஓட்டை. நான் என் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். செல்வம் அண்ணன்தான் அந்த ஆளிடம் கெஞ்சினார். அவன் யோசித்துப் பார்த்து, தாப்பா போகும் சாலையோரம் வேனில் கொய்யா விற்கும் சீன ஆன்ட்டிக்கு அதைக் கொடுத்ததாகச் சொன்னான்.

அந்த ஆன்ட்டியைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. ரப்பர் தோட்டத்து ஆட்களோடு பழகிய தமிழ் அவருக்கு வந்தது. ரேடியோவைப் பற்றிக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார்.

"அந்த ரேடியோ ரோசாக், கெட்டுப் போச்சி. சிடி வெளிய வராது. ஒரே பாட்டு, ஒரே பாட்டு, சர்ச்சுப் பாட்டு" என்றார். பிறகு, "பரவால்ல. நான் அது கேட்டு பழம் அடுக்குவேன். பழகிடுச்சி" என்றார்.

வேனின் முன்பக்கம் ஏறிச் சாவியைத் திருப்பினார். சாலையில் லோரிகள் போய்க்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்கு நடுவில் தந்திக் கருவிகள் தொடங்கின, பிறகு நாம் தொடங்கினோம். செல்வம் அண்ணன் வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே பாடுவது என் தோழி, அவள் இப்போது இல்லை என்று ஆன்ட்டியிடம் சொன்னேன். அவர் ரேடியோவை அணைத்தார். புதியது ஒன்று மாட்டிக் கொடுங்கள், இதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பீடோர் டவுனிலேயே வேறொன்று வாங்கி அன்றே மாட்டிக் கொடுத்தோம். கிளம்பும்போது ஒரு பை நிறையக் கொய்யாவையும் மடியில் வைத்தார். ரேடியோவும் கொய்யாவும் ஒன்றாக என் மடியில் வந்தன.

ஈப்போவில் மின்கருவி பழுது பார்ப்பவர் ஒருவர் பெட்டியைப் பிரித்துத் தட்டை எடுத்தார். வெளி ஓரம் முழுக்கக் கீறல். பாட்டின் கடைசிப் பகுதி போய்விட்டது என்றார். படிக்க முடிந்ததை மட்டும் என் கைப்பேசிக்கு மாற்றிக் கொடுத்தார். நான் அவர் கடை வாசலிலேயே நின்று காதில் மாட்டிக்கொண்டேன்.

உன்னைத் தேடினேன். நாற்பது பேரில் ஏழு பேர் ஆல்டோ, ஏழு பேரில் ஒருத்தி நீ. மிசஸ் லோ நமக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறார், தனியாக ஒருத்தர் குரலும் கேட்கக்கூடாது என்று. நீ அதை அவ்வளவு சரியாகச் செய்திருக்கிறாய். எல்லோருக்குள்ளும் கரைந்து போயிருக்கிறாய். ஒரு மாதம், வேலை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அதைக் கேட்டேன். சோறு கருகியது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனேன். மகள் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

பிறகு கிடைத்தது. பாட்டின் மெதுவான இரண்டாம் பகுதியில் ஆல்டோ ஒரே சுரத்தை நீளமாகப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம் ஒன்று உண்டே, அங்கே மற்றவர்கள் தேய்ந்து போக ஒரு குரல் மட்டும் தெளிவாக நின்றது. இதுதான், இவள்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கேட்டேன். கைப்பேசியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். நீ திரும்பி வந்ததுபோல இருந்தது.

ஞாயிறு மதியம் செல்வம் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொரு முறை கேட்டார். கருவியைக் காதிலிருந்து மெல்லக் கழற்றினார்.

"இது நீம்மா" என்றார். "அவ இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கு ஆல்டோவும் தெரியாது ஒன்றும் தெரியாது, மண்டபத்துக்கு வருடத்தில் ஒருநாள் வந்து பின்வரிசையில் தூங்குவீர்கள் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "இருவத்தஞ்சு வருஷம் அவ கொரல் இந்த வீட்டுல இருந்துச்சு. எனக்குத் தெரியாதாம்மா?" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அந்த இடத்தை நானே பாடிக் கைப்பேசியில் பதிந்தேன். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். அவர் சொன்னது சரி. அது நான்தான். ஒரு மாதமாக என் குரலைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். அன்று தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நீ இரண்டு தடவை செத்துப்போனாய் என்று தோன்றியது. முதல் தடவை உன் உடம்பாவது இருந்தது. இந்தத் தடவை ஒன்றுமே இல்லை. அந்தக் கொய்யாக்கார ஆன்ட்டியிடமே ரேடியோவை விட்டிருக்கலாம், எங்கேயோ நீ இருக்கிறாய் என்ற எண்ணமாவது மிஞ்சியிருக்கும் என்று நினைத்தேன். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சில நாள் அதைத் தொடவில்லை. பிறகு ஒரு காலையில், பஸ்ஸில், அந்த இடத்தில் ஏன் என் குரல் மட்டும் தனியாக நிற்கிறது என்று யோசித்தேன். உனக்கு நினைவிருக்கும். அந்த நீளமான சுரத்தை யாராலும் ஒரே மூச்சில் பிடிக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து ஆட்கள் ஒரே நேரத்தில் மூச்சு வாங்காதீர்கள், ஒருவர் வாங்கும்போது மற்றவர் பிடித்துக்கொள்ளுங்கள் என்றுதான் மிசஸ் லோ பழக்கினார். நீ மூச்சு வாங்கப் போவதற்கு முன் உன் முழங்கை என் முழங்கையைத் தொடும். நான் பிடித்துக்கொள்வேன். என் குரல் தனியாகக் கேட்கும் அந்த இடம் நீ மூச்சு வாங்கிய இடம்.

அப்படியென்றால் நான் மூச்சு வாங்கிய இடத்தில் நீ இருக்க வேண்டும்.

எனக்கு என் இடங்கள் நினைவில்லை, ஆனால் உடம்புக்கு இருந்தது. பாட்டோடு சேர்ந்து வாய்க்குள் பாடினேன், எங்கே தானாக மூச்சு இழுக்கிறதோ அங்கே நிறுத்திக் கேட்டேன். சில இடங்களில் தந்திக் கருவிகள் மூடிவிட்டன. சில இடங்களில் மற்ற ஐந்து பேரும் சேர்ந்து ஒலித்தார்கள். அதே நீளச் சுரத்தில், கீறல் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு இடத்தில் எல்லோரும் மூச்சுக்கு நிறுத்திவிட்டார்கள், நானும் நிறுத்திவிட்டேன், ஆனால் வரி அறுந்து போகவில்லை. ஒரு குரல் பிடித்திருந்தது. கனத்த குரல். சுருதி ஒரு நூலிழை இறங்கியிருந்தது. களைத்துப் போனால் உனக்கு அப்படித்தான் இறங்கும்.

இந்தத் தடவை நான் எதையும் நம்பவில்லை. செல்வம் அண்ணனிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்ததும் அவர் கை தானாக மேலே எழுந்தது, அறையில் இருப்பவர்களைப் பேசாதீர்கள் என்று சொல்வதுபோல. அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"இருக்கா" என்றார். பிறகு, "மறுபடி போடு."

அவருக்கு அது போதுமாக இருக்கிறது. தன் கைப்பேசியில் ஏற்றி வாங்கிக்கொண்டார். காலையில் தேநீர் குடிக்கும்போது ஒருமுறை கேட்பதாகச் சொல்கிறார். அவர் முகம் தெளிந்திருக்கிறது. எனக்குப் போதவில்லை. ஒருவர் மூச்சு இழுத்துக்கொள்ளும் நேரம், அவ்வளவுதான் உன்னில் மிச்சம். இருபது வருடம் உன் பக்கத்தில் நின்றேன். எனக்குக் கிடைத்தது இவ்வளவு. அதைக் கேட்டு முடிக்கும் ஒவ்வொரு தடவையும், தொடங்கியதைவிட மோசமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். கேட்காமல் இருந்தால் மறுபடியும் மறந்துபோவேனோ என்று பயமாக இருக்கிறது.

இந்த வருடக் கடைசியில் அதே பாட்டைப் பாடப் போகிறோம். மிசஸ் லோவே கூப்பிட்டார். வயது ஏறிவிட்டது, நாற்காலியில் உட்கார்ந்துதான் கையசைக்கிறார். போகக்கூடாது என்று இருந்தேன், கால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. என் இடப்பக்கம், நீ நின்ற இடத்தில், ஒருவரும் வந்து நிற்கவில்லை. அவர்களாகவே விட்டுவிட்டார்கள்.

முதல் ஒத்திகையில், இரண்டாம் பகுதியில், அந்த நீளச் சுரம் வந்தது. நீ பிடித்துக்கொள்வாய் என்று என் உடம்பு தன் பழைய இடத்தில் மூச்சு வாங்கியது. வரி அறுந்தது. எனக்கே கேட்டது, கையில் பிடித்திருந்த கயிறு நழுவியதுபோல. மிசஸ் லோ கையை நிறுத்தினார். ஆல்டோவில் யார் விட்டது என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்தார், என் பக்கத்து இடத்தைப் பார்த்தார், முதலிலிருந்து பாடலாம் என்றார்.

முதலிலிருந்து பாடினோம். சுரம் வந்தது, என் இடம் வந்தது. நான் மூச்சு வாங்கவில்லை. விலா எலும்பு வலித்தது. கண் ஓரம் கறுத்தது. முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றேன். பாட்டு முடிந்ததும் மிசஸ் லோ தலையசைத்து, இப்போது சரியாக வந்தது, இப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அப்படியேதான் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். மற்ற எல்லா இடத்திலும் நீ சொல்லித்தந்தபடி மூச்சு வாங்குகிறேன். அந்த ஓர் இடத்தில் வாங்குவதில்லை.